உப்புக்குப் போன ஏணி

எங்கள் ஓட்டு வீட்டுக்கும் அதை ஒட்டிப் போட்ட சமையலறை ஷீட் கூரைக்கும் நடுவே, மழைத் தண்ணீர் ஓட ஒரு தகர வாய்க்கால் இருக்கிறது. பூவரசு இலையும் காக்கை போட்ட மீன் முள்ளும் சேர்ந்து அதை அடைத்துவிடும். சுத்தம் செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஐந்து லிட்டர் எண்ணெய் கேனைச் சாய்வாக வெட்டினால் அள்ளுவதற்கு அதுவே போதும். இரும்பு ஆகாது, உப்புக் காற்றில் இற்றுப்போன தகரம், முனை பட்டாலே ஓட்டை விழும். அள்ளிய பிறகு ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, கீழே குழாயில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அரை மணி நேர வேலை.

அந்த அரை மணி நேரம் என் கணவருக்குப் பத்து நாளாகக் கிடைக்கவில்லை. உப்பளத்தில் மடை திறந்து, வரப்பு மாற்றி, தண்ணீரைச் சொன்ன பேச்சு கேட்க வைக்கிற மனுஷன். நானே ஏறுகிறேன் என்றால், "பொம்பள கூரை மேல ஏறினா பாக்கறவன் என்னைத்தான் கேப்பான். நாளைக்கு ஏறறேன்" என்பார். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்த என்னையும் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்று மத்தியானம் வானம் கறுத்தது. உப்பள முதலாளி போன் செய்தார். குவித்து வைத்த உப்பை உடனே மூட வேண்டுமாம். இவர் எங்கள் ஏணியையும் தார்ப்பாயையும் தூக்கி வண்டியில் போட்டார்.

"ஏங்க, நம்ம வீடு?"

"உப்பு கரைஞ்சா வேலையே போயிடும்டி."

மழை கொட்டியது. தகர வாய்க்கால் நிரம்பி, தண்ணீர் உள்சுவரில் இறங்கியது. என் மகள் லைட் போட சுவிட்சில் கை வைத்தாள். அலறல் கேட்டு ஓடினேன், தரையில் கிடந்தாள். மெயினை அணைத்துவிட்டுத் தூக்கினேன். மூச்சு இருந்தது. மரக்காணம் ஆஸ்பத்திரியில் காட்டிக் கூட்டிவந்த பிறகும் வலது கை மரத்தே கிடந்தது.

இவர் ஏணியோடு சொட்டச் சொட்ட வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"ஒரு கல்லு உப்பு கரையல."

"இங்க உங்க பொண்ணு செத்திருப்பா" என்றேன்.

மகளின் கையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு இரக்கம் வரவில்லை.

மறுநாள் காலை ஏணியைச் சாத்தி நானே ஏறினேன். பாதி அள்ளுவதற்குள் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. கீழே அவர் போன் அடித்தது.

"இறங்கு, முதலாளி ஏணி கேக்கறாரு."

"உங்க முதலாளிய வந்து எடுத்துக்கச் சொல்லுங்க."

பக்கத்து வீட்டு ஆள் அண்ணாந்து பார்த்தான். பார்க்கட்டும். இவர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், காதில் வைத்தார்.

"அண்ணே, ஏணி இங்க வேலையா இருக்குது. வேற எங்கனா பாருங்க."

இத்தனை வருஷத்தில் முதலாளியிடம் இவர் முடியாது என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான். அதற்கு என் பிள்ளை தரையில் விழ வேண்டியிருந்தது. அழுகிய இலையைக் கேன் நிறைய அள்ளி, அவர் நின்ற பக்கமாகவே வீசினேன்.