ஜெசிதா அரைத்த கீரைச்சாறு

ஜெசிதாவுக்கு ஐம்பத்தொரு வயது. குருநகரில் பிறந்து, குருநகரிலேயே கலியாணம் முடித்து, கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு சின்ன வீட்டில் இருக்கிறாள். பதினொரு வருடமாக நண்டு பதனிடும் கம்பனி ஒன்றில் வேலை. அவித்த நண்டை உடைத்து, ஓட்டுத்துண்டு கலக்காமல் சதையை எடுத்துத் தரம் பிரித்து வைக்க வேண்டும். குளிரூட்டிய அறையில் நாள் முழுக்க நிற்கிற வேலை. பின்னேரம் வீட்டுக்கு வரும்போது விரல் நுனிகளில் ஓடு கீறிய காயங்கள் இருக்கும். முழங்கால் இரண்டும் யாரோ இரவல் தந்தவை போலிருக்கும்.

கணவன் ஜெறோம் முன்பு சொந்தப் படகில் தொழிலுக்குப் போனவர். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய இருதயத்தில் ஒரு வால்வைக் கழற்றி உலோக வால்வு பூட்டினார்கள். அதற்குப் பிறகு கடல் இல்லை. இரத்தம் கட்டிப்படாமல் இருக்க வாபரின் என்ற குளிசையைச் சாகும்வரை ஒவ்வொரு நாளும் போட வேண்டும். மாதம் ஒருமுறை கிளினிக்கில் இரத்தம் எடுத்து, அது எவ்வளவு வேகத்தில் உறைகிறது என்று பார்ப்பார்கள். இலக்கம் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையில் நிற்க வேண்டும்; அதற்குக் கீழே இறங்கினால் இரத்தம் கட்டிப்படும். முதல் வருடம் அது ஒழுங்காகத்தான் நின்றது.

போன உயிர்ப்புத் திருநாள் முடிந்த கிழமை, பிரான்சில் இருக்கிற மகள் லவீனா ஒரு வீடியோ அனுப்பினாள். ஒரு வெள்ளைக்காரப் பெண் கீரையையும் வாழைப்பழத்தையும் சேர்த்து அரைத்துக் குடிக்கிறாள். பின்னாலேயே மகளின் குரல் வந்தது.

"அம்மா, அப்பா நல்லா மெலிஞ்சு போனார். போனிலை பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. ஒவ்வொரு நாளும் காலமை இதை ஒரு கிளாஸ் குடுங்கோ. இஞ்சை எல்லாரும் குடிக்கினம்."

ஊருக்கு வந்த ஒருவரிடம் பிளெண்டரும் கொடுத்துவிட்டாள். அதன் பிளக் வீட்டுச் சுவரில் போகவில்லை. ஜெறோம் கடைக்குப் போய் அதற்கொரு இணைப்பு வாங்கி வந்தார். அன்றிலிருந்து ஜெசிதா ஐந்து மணிக்குப் பதிலாக நாலரைக்கு எழும்பத் தொடங்கினாள். கம்பனி வான் ஐந்தே முக்காலுக்கு வரும். அதற்கு முன் சோறு, கறி, தண்ணீர் பிடித்தல் எல்லாம் முடிய வேண்டும்.

வீட்டுக் கிணறு உப்பு. வளவில் கீரை முளைக்காது. ஆகையால் வேலை முடிந்து வரும்போது வானைச் சின்னக்கடைச் சந்தையில் நிறுத்தச் சொல்லி இறங்குவாள். இணுவில் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பெண்ணிடம் பசளி, பொன்னாங்காணி, வல்லாரை, முருங்கையிலை என்று இருப்பதை வாங்கிக்கொண்டு நடந்து வருவாள். இரவு துப்பரவாக்கி ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டுப் படுப்பாள். காலையில் இரண்டு தரம் கழுவி, தண்டு கிள்ளி, ஒரு கதலிப்பழம், இஞ்சித் துண்டு, அரைத் தேசிக்காய்ப் புளி சேர்த்து அரைப்பாள். தேசிப்புளி விரல் காயங்களில் படும்போது சுள்ளென்று எரியும். சத்தத்துக்கு அடுத்த வீட்டுக் குழந்தை எழும்பி அழுகிறதென்று, பிளெண்டரைச் சுற்றி ஜெறோம் உடுத்துக் கழித்த சாரத்தைப் போட்டு இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் சில நாட்களில் நின்றபடியே கண் சொருகும்.

அவர் குடிப்பதைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. கிளாசை மேசையில் மூடி வைத்துவிட்டுப் போவாள். பின்னேரம் வந்ததும் கேட்பாள்.

"குடிச்சனீங்களே?"

"ஓம், குடிச்சனான்."

கிளாஸ் கழுவிக் கவிழ்த்து இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசையால் வந்து, கிளாசைக் கையில் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்து மகளுக்கு அனுப்புவாள். லவீனா ஒரு ஹோட்டலில் அறை துப்பரவாக்குகிறாள். படத்தைப் பார்த்து ஒரு இருதயக் குறி போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவாள்.

எல்லா நாளும் ஒரே மாதிரிக் கிடைக்காது. மழை நாட்களில் கீரைக்காரி வரமாட்டாள். அப்போது வெறும் பழமும் தண்ணீரும்தான். மறுநாள் விட்டதையும் சேர்த்து இரண்டு பிடி போட்டு அரைப்பாள். சில நாள் குடிக்க முடியாத தடிப்பாக வரும். கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டதாக ஜெறோம் சொல்வார்.

ஆடி மாதக் கிளினிக்கில் இலக்கம் இரண்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. குளிசையைக் கூட்டிக் கொடுத்தார்கள். ஆவணியில் கொஞ்சம் ஏறியது. புரட்டாதியில் ஒன்று தசம் நாலு. கிளினிக்கில் அன்று நல்ல சனம். இலக்கம் எழுதிய கொப்பியைப் பார்த்த டொக்டர் நிமிராமலே கேட்டார்.

"இவர் மருந்து ஒழுங்காப் போடுறவரோ அம்மா?"

"போடுறார் டொக்டர்."

"நீங்கள் பாக்கிறனீங்களோ?"

குளிசை போடுகிற நேரம் அவள் வேலையில்தான் இருப்பாள். பஸ்ஸில் வரும்போது அந்தக் கேள்வி மனதுக்குள் கிடந்து அரித்தது. வீட்டுக்கு வந்ததும் குளிசை மட்டையை எடுத்து எண்ணினாள். கணக்குச் சரியாக இருந்தது. அதுவும் அவளுக்குப் போதவில்லை.

"இஞ்சாருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ. போடாமல் எறியிறியளோ?"

ஜெறோம் கிழிந்த வலை ஒன்றைப் பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டாரின் வலை. "நான் ஏன் எறியிறன்?"

"பின்னை எப்பிடி இரத்தம் தடிக்குது? நான் நாள் முழுக்க அந்தக் குளிருக்கை நிண்டு போட்டு வந்து, விடிய எழும்பி உங்களுக்கெண்டு அரைச்சு வைக்கிறன். நீங்கள் ஒரு குளிசை போட மாட்டியளோ?"

அவர் வலையின் அடுத்த கிழிசலைக் கையில் எடுத்தார். அடுத்த நாளிலிருந்து குளிசையைக் காலை நேரத்துக்கு மாற்றினாள். வாய்க்குள் போட்டு, தண்ணீர் குடிக்க வைத்து, "ஆ காட்டுங்கோ" என்றாள். ஏழு பேரை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போய்வந்த மனுசன் வாயைத் திறந்து காட்டினார். பிறகு எழும்பி இறங்குதுறைக்குப் போய், மத்தியானம் வரைக்கும் அங்கேயே இருந்தார். இரண்டு கிழமையாக இருவருக்கும் இடையில் தேவையான கதை மட்டும்தான்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை ஜெசிதாவுக்கு லீவு. அன்று அவள் வீட்டில் நிற்கும்போதே ஜெறோம் கிளாசை எடுத்தார். பாதி குடித்திருப்பார். கை தளர்ந்து கிளாஸ் விழுந்து உடைந்தது. "என்ன?" என்று அவள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் ஏதோ சொல்ல முயன்றார். வார்த்தை வரவில்லை. வாயின் ஒரு பக்கம் கீழே இழுபட்டிருந்தது. பச்சைச் சாறு உதட்டிலிருந்து நாடியில் வழிந்தது.

ஓட்டோவில் போகும்போதே கை கொஞ்சம் அசைந்தது. ஆஸ்பத்திரி வாசலில் "ஜெசி" என்றார். மூளைக்குப் போகிற குழாயில் சின்னக் கட்டி ஒன்று அடைத்துக் கரைந்திருக்கிறது, கடவுள் காப்பாற்றினார், அடுத்த முறை இப்படித் தப்ப முடியாது என்றார்கள். வயிற்றில் ஊசி போட்டு வாட்டில் மறித்து வைத்தார்கள்.

மறுநாள் தர்சிகா என்ற இளம் டொக்டர் வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு கேட்டாள்.

"அம்மா, ஐயா குளிசை ஒழுங்காப் போடுறவரோ?"

"போடுறார். நான் நேரை நிண்டு பாக்கிறனான்."

"வேறை நாட்டு மருந்து ஏதும்?"

"இல்லை."

"சரி, காலமை எழும்பினா என்ன சாப்பிடுறவர்? முதல்லை இருந்து சொல்லுங்கோ."

ஜெசிதாவுக்கு முதல் தடவையாகச் சொல்வதற்கு நல்ல விடயம் ஒன்று இருந்தது. "காலமை கீரை அரைச்சுக் குடுக்கிறனான் டொக்டர். பசளி, பொன்னாங்காணி, முருங்கையிலை. பச்சையா. சீனி போடுறேல்லை. ஆறேழு மாதமா ஒரு நாளும் விட்டதில்லை."

தர்சிகா எழுதுவதை நிறுத்தினாள்.

"எவ்வளவு கீரை?"

ஜெசிதா கையை விரித்துக் காட்டினாள். "கிடைக்கிறதைப் பொறுத்து. ஒரு பிடி, இரண்டு பிடி."

"அம்மா, குளிசை இரத்தத்தை உறைய விடாமல் பாக்குது. பச்சைக் கீரையிலை இரத்தத்தை உறைய வைக்கிற சத்து நிறைய இருக்கு. இரண்டும் ஒண்டையொண்டு இழுக்குது. கீரை கூடாத சாமான் இல்லை. இந்தக் குளிசை போடுற ஆளுக்கு அது நாளுக்கு நாள் கூடிக் குறையக் கூடாது. ஒப்பரேசன் முடிய உங்களுக்குச் சொல்லியிருப்பினமே?"

சொல்லியிருந்தார்கள். ஜெசிதாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இருபது விடயத்தோடு ஒன்றாக ஒரு நேர்ஸ் மிஸ்ஸி தமிழிலேயே விளங்கப்படுத்தினாள். கிழமைக்கு ஒருநாள் கீரைக்கறி வைக்கிற வீட்டில் அது யார் மனதில் நிற்கும்? அவள் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். ஜெறோம் முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். குளிசையைத் திருத்திக் கொடுத்து, கிழமைக்கு ஒருமுறை இரத்தம் எடுக்க வரச் சொன்னார்கள். அரைத்துக் குடிப்பதை விட்டுவிட்டு, கறியாகக் கொஞ்சம், எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிடச் சொன்னார்கள்.

அன்று பின்னேரம் இருவரும் குசினி வாசலில் இருந்தார்கள். ஜெசிதா சொன்னாள்.

"உங்களை வாய் திறந்து காட்டச் சொன்னனான்."

"ம்."

"கள்ளனைப் பாக்கிற மாதிரிப் பாத்தனான்."

"விடு."

"நஞ்சை நானே அரைச்சு வைச்சிட்டுப் போயிருக்கிறன்."

"கீரை நஞ்சில்லை எண்டு அந்தப் பிள்ளை சொன்னவளெல்லே. விடு ஜெசி."

அவள் அவர் பக்கம் திரும்பிக் கேட்டாள். "உங்களுக்கு அது பிடிச்சதோ?"

ஜெறோம் யோசித்தார். "இல்லை. முதல் நாளே பிடிக்கேல்லை. முருங்கையிலை போட்டா வாந்தி வரும்."

"பின்னை ஏன் குடிச்சனீங்கள்? எனக்குச் சொல்லியிருக்கலாம்தானே."

"நீ இருட்டோடை எழும்பி, நிண்ட நிலையிலை நித்திரை தூங்கித் தூங்கி அரைக்கிறாய். நான் படுத்திருந்து பாக்கிறனான். அதை எப்பிடி வேண்டாம் எண்டு சொல்லுறது?"

ஜெசிதாவுக்குச் சிரிப்பு வருவது போலிருந்தது. ஆனால் களைப்பில் அது முகம்வரை ஏறவில்லை. சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிளெண்டரைக் கழற்றிப் பெட்டியில் போட்டு, அலுமாரியின் மேல் வைத்தாள்.

மகளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை லவீனாவே கேட்டாள். "அம்மா, எங்கை இண்டைக்குப் படம்?"

ஜெசிதா போனை வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தாள். ஜெறோம் கையை நீட்டி வாங்கினார். நடந்ததை ஒளிக்காமல், அவசரப்படாமல் சொன்னார். மறுபக்கத்தில் அழுகை கேட்டது.

"நான் அனுப்பினதாலைதானே அப்பா."

"இஞ்சை பார் பிள்ளை. நான் இப்ப உன்னோடை கதைச்சுக்கொண்டுதானே இருக்கிறன். வாய் கோணேல்லை. உன்ரை பிளெண்டர் உடையாமல் இருக்கு, வரேக்கை நீ அரைச்சுக் குடி. நீ சாப்பிட்டியே இண்டைக்கு?"

"இல்லை. இப்பதான் வேலையாலை வந்தனான்."

"போய்ச் சாப்பிடு. பிறகு எடு."

கார்த்திகையில் இலக்கம் இரண்டு தசம் எட்டு வந்தது. அடுத்த கிழமையும் அப்படியே. ஜெசிதா கொப்பியை இரண்டு தரம் பார்த்துவிட்டுப் பையில் வைத்தாள். சந்தோசம் என்று சொல்ல முடியாது. தலையில் இருந்த பாரத்தை யாரோ ஒரு பக்கத்தில் பிடித்தது போல இருந்தது.

நாலரைக்கு எழும்பத் தேவையில்லாமல் போனாலும் கண் நாலரைக்கே விழித்தது. இருட்டில் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். மார்கழி மழை தொடங்கியபிறகு ஒருநாள் அவள் விழித்தபோது யன்னலில் நன்றாக வெளிச்சம் ஏறியிருந்தது. பதறி எழும்பினாள். ஜெறோம் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றார்.

"வான் போயிட்டுதே? ஏன் எழுப்பேல்லை?"

"எழுப்ப மனம் வரேல்லை. சுப்பவைசருக்குப் போன் பண்ணி, உனக்குக் காய்ச்சல் எண்டு சொல்லிப்போட்டன்."

ஏச வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். ஒரு நாள் வேலைக்குப் போகாமல் நின்றால் அடுத்த நாள் நண்டு மேசையில் மற்றவர்கள் என்ன முகம் காட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். தேத்தண்ணியை வாங்கி இரண்டு மிடறு குடித்தாள். பிறகு கோப்பையைக் கட்டிலடியில் வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி மறுபடியும் படுத்துக்கொண்டாள்.