முதல் பின்கோட்டைத் தொடுங்கோ, பிறகு சண்டை பிடியுங்கோ

போன ஞாயிறு நெல்லியடிப் பக்கம் ஒரு மைதானத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். இன்னும் குரல் சரிவரவில்லை. வெட்கமா? துளியும் இல்லை!

காரணம், என் கணவர். கொடிகாமத்தில் மரக்கறி வியாபாரம். சந்தையில் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுசன். கரப்பந்தாட்டக் கோட்டுக்குள் கால் வைத்தால் போதும் — மத்தியஸ்தரோடு மல்லுக்கட்டு. போன வருசம் சிவப்பு அட்டையும் வாங்கினார். இந்த முறையும் சண்டை பிடித்தால் நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் அணியில் இனி இடமில்லை என்று கழகம் சொல்லிவிட்டது. அன்றைக்கு அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

கோபப்படாதேங்கோ என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்? அதைக் கேட்டாலே அவருக்குக் கோபம் வரும்! பிறகுதான் யோசித்தேன்... ‘செய்யாதே’ என்பதும் ஓர் இலக்கா? கை காலுக்கு ஒரு வேலை கொடுத்தால் அல்லவா அது இலக்கு?

“இஞ்சேருங்கோ, நல்லாச் சண்டை பிடியுங்கோ. ஆனா முதல் ஓடிப்போய் உங்கடை பக்கத்துக் கடைசியிலை இருக்கிற பின்கோட்டைக் கையாலை தொட்டிட்டு வந்து பிடியுங்கோ” என்றேன்.

“உமக்கென்ன விசரோ?” என்றார். ஆனால் பயிற்சியில் செய்து பார்த்தாராம்.

இறுதியாட்டம். கடைசி செட், இரண்டு பக்கமும் சமன். இவர் அடித்த பந்து கோட்டிலேயே விழுந்தது — என் கண்ணால் கண்டேன். மத்தியஸ்தர் வெளியே என்று கையைக் காட்டிவிட்டார். எதிரணிக்கு இன்னும் ஒரு புள்ளி போதும். சனம் முழுக்க எழும்பி நின்றது, ஆட்டத்தைப் பார்க்க அல்ல, இவரைப் பார்க்க. ஒலிபெருக்கிக்காரர் வேறு, அண்ணைக்குச் சூடேறுது என்று எண்ணெய் ஊற்றினார்.

இவர் முகம் சிவந்தது. திரும்பினார். ஓடினார். தொந்தி கொஞ்சம் இடைஞ்சல்தான், ஆனாலும் குனிந்து தொட்டார். நிமிர்ந்து வருவதற்குள் அடுத்த சேர்விசுக்கு விசில் ஊதியாகிவிட்டது. சண்டைக்கு நேரமேது?

அந்தக் கோபம் எங்கே போனது என்கிறீர்களா? பந்துக்குள்! எழும்பி ஓர் அடி அடித்தார் பாருங்கோ... எதிரணியில் ஒருவருக்கும் கை வைக்கத் துணிவில்லை. சமன்! அடுத்ததும் இவர் அடிதான். அதற்கடுத்ததும். கிண்ணம் எங்களுக்கு! என்ரை மனுசன் சின்னப் பெடியன் மாதிரித் துள்ளினார். நான் அழுதுவிட்டேன்.

கோபத்தை விடு, விடு என்று ஆளுக்கு ஆள் புத்தி சொல்கிறோம். அது ஆளை அடிக்கப் போனால் வில்லங்கம், பந்தை அடிக்கப் போனால் வெற்றி. எந்தப் பக்கம் போவது என்று அதற்கு யார் வழி காட்டினோம்?

வரும் வழியில், மத்தியஸ்தருக்குக் கை கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

“அது அடுத்த வருச இலக்கு” என்றார்.