தரம் மூன்றின் களிமண்ணும் மிதக்கும் கல்லும்

ஆரம்பப் பிரிவு ஆசிரியரின் சேலையில் வெண்கட்டித் தூள் ஒட்டிய காலம் போய், பசையும் களிமண்ணும் ஒட்டுகிற காலம் வந்துவிட்டது. கேட்டுப் படிப்பதைவிடச் செய்து படிப்பதே பிள்ளைக்கு மேல் என்று எங்களுக்குப் பயிற்சி தந்தார்கள். நானும் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன், அதுதான் என் வியாதி. உங்களில் யாராவது சின்ன வகுப்புக்குப் படிப்பிக்கிறவராக இருந்தால் வாருங்கள், பக்கத்தில் இருந்து சேர்ந்தே அழுவோம்.

கீரிமலைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் என்னுடையது. வருடத் தொடக்கத்தில் என் தரம் மூன்றில் பதின்மூன்று பிள்ளைகள். பத்துக்குக் கீழே இறங்கினால் தரம் நான்கோடு சேர்த்து ஒரே அறையில் இருத்திவிடுவேன் என்று அதிபர் முதல் நாளே சொல்லிவிட்டார். இரண்டு வகுப்பை ஒரு ஆள் மேய்ப்பதென்றால் செயற்பாடாவது ஒன்றாவது. ஒரு பக்கம் பார்த்தெழுது, மற்றப் பக்கம் வாய்பாடு சொல்லு, அவ்வளவுதான். ஆகவே இந்தப் பதின்மூன்று பேரையும் எப்படியாவது பிடித்து வைத்திருப்பது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

களிமண்

முதல் தவணையில் காய்கறி வடிவங்கள் செய்யும் பாடம். குளத்தடிக் களிமண்ணை ஒரு உரப்பையில் கட்டி, ஸ்கூட்டியில் காலடியில் வைத்து நானே கொண்டுபோனேன். பிள்ளைகள் கத்தரிக்காய் செய்தார்கள், பாகற்காய் செய்தார்கள். ஒருவன் தகப்பனுடைய தண்ணீர் இறைக்கிற மெசினையே குழாயோடு செய்து வைத்தான். என்ன அழகு! மணி அடித்தபோது பதின்மூன்று வெள்ளைச் சட்டைகளில் ஒன்றுகூட வெள்ளையாக இல்லை.

அடுத்த நாள் காலை மெசின் செய்தவனின் தாய் வாசலில் நின்றார். வெங்காயத் தோட்டம் செய்கிற குடும்பம். சட்டைக்காகச் சண்டை பிடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து, சவர்க்காரம் போட்டால் போய்விடும் என்று நான் முந்திக்கொண்டேன். அவர் சட்டையைப் பற்றிக் கதைக்கவேயில்லை. மகனை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றப் போகிறாராம். சத்தம் போடாமல்தான் சொன்னார்: "மண்ணுக்கை நிண்டு மாயிறதுக்கு நாங்கள் ரெண்டு பேரும் காணும் ரீச்சர். இவனாவது மண்ணிலை கை வைக்காமல் இருக்கோணும் எண்டுதானே பள்ளிக்கூடம் விடுறம்."

மிதப்பதும் தாழ்வதும்

மிச்சம் பன்னிரண்டு பேர். ஒரு பேசினில் தண்ணீர், பக்கத்தில் சிரட்டை, ஆணி, கட்டை, கல். எது மிதக்கும், எது தாழும் என்று முதலில் ஊகித்துச் சொல்ல வேண்டும். பிறகு போட்டுப் பார்த்து எழுத வேண்டும். கல் என்று நான் வைத்திருந்தது கடற்கரையில் பொறுக்கிய, உடம்பெல்லாம் ஓட்டை விழுந்த நுரைக்கல். அது மிதக்கும். அதைப் போட்டதும் வகுப்பு முழுக்க வாயைப் பிளந்தது. தர்சிகா என்றொரு பிள்ளை, பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவாள், அதுவரை ஒரு சொல் பேசியதில்லை. அவள் எழும்பி வந்து கல்லைத் தண்ணீருக்குள் அமத்தினாள், விட்டாள், திரும்பவும் அமத்தினாள். "ஏன் ரீச்சர் இது திரும்பத் திரும்ப மேலை வருது?" என்று கேட்டாள். அந்தக் குரலை நான் அன்றுதான் கேட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்குத்தானே ஸ்கூட்டியில் களிமண் சுமப்பது!

அந்தச் சந்தோசத்தோடு கொப்பிகளைப் பார்க்கப் போனேன். ரியூசனுக்குப் போய்வருகிற கோபிசன் கல்லுக்கு நேரே 'தாழும்' என்று முத்து முத்தாக எழுதியிருந்தான். கல் அவன் மூக்குக்கு முன்னால் மிதந்துகொண்டிருந்தது. விரலால் காட்டினேன். என்மேல் இரக்கப்பட்டவன்போலக் குரலைத் தணித்துச் சொன்னான்: "மிதக்குதுதான் ரீச்சர். ஆனால் சோதினையிலை தாழும் எண்டு எழுதினால்தான் சரி போடுவினம்."

தீப்பெட்டி வீடு

வெறும் தீப்பெட்டிகளை ஒட்டி ஒரு வீடு செய்து வரும்படி வீட்டுவேலை கொடுத்தேன். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, பிள்ளையே செய்ய வேண்டும் என்று கொப்பியில் எழுதியும் விட்டேன். மூன்றாம் நாள் ஓட்டோவில் ஒரு வீடு வந்து இறங்கியது. சீமெந்துப் பூச்சு, கம்பி போட்ட யன்னல், மொட்டை மாடி, தண்ணீர்த் தாங்கி. தூக்கி இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. தகப்பன் மேசன் வேலை செய்கிறவர். மகன் எங்கே, அவன் என்ன செய்தான் என்று கேட்டேன். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு பெருமையாகச் சொன்னார்: "அவன் கை வைச்சுக் குழப்பிப்போடுவான் எண்டு கிட்டவும் விடேல்லை ரீச்சர்."

கயிறும் முற்றமும்

பிள்ளைகள் கயிறு பிடித்து முற்றத்தை அளந்துகொண்டிருந்த நாளில், கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு சேர் வகுப்புப் பார்க்க வந்தார். பாலர்கள் ஆளையாள் இழுபட்டு, எண்ணி, பிழைவிட்டு, திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார்கள். செயற்பாட்டுப் பதிவுக் கோவையில் ஒட்டுவதற்குப் படம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். போனை எடுத்தார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார், கயிற்றை எல்லோர் கையிலும் கொடுத்தார், சிரிக்கச் சொன்னார். பாட நேரம் அதோடு முடிந்தது. போகும்போது மனதாரப் பாராட்டித்தான் போனார்: "நல்லாய்ச் செய்யிறியள் ரீச்சர். ஆனால் உவையள் இப்பிடி ஓடித் திரிஞ்சால் செயற்பாடு படத்திலை விழாது."

முளைக்கக் கூடாத பயறு

இரண்டாம் தவணை முடியக் கோபிசனும் இன்னொரு பிள்ளையும் பட்டணம் போய்விட்டார்கள். சரியாகப் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரோடு மூன்று யோகட் கோப்பைகளில் பஞ்சு வைத்துப் பயறு போட்டோம். ஒன்றுக்குத் தண்ணீரும் வெளிச்சமும். ஒன்று அலுமாரிக்குள் இருட்டில். மூன்றாவதற்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை. அது முளைக்காமல் கிடப்பதைப் பிள்ளைகள் கண்ணால் காண வேண்டும், அதுதான் பாடம். வகுப்பில் சுத்தமான மேசை ஒன்றுதான், சரஸ்வதி படம் வைத்த மேசை. அலுமாரிக்குப் போகாத இரண்டு கோப்பைகளையும் அதிலேயே வைத்தேன். நவராத்திரி தொடங்க இரண்டு நாள் இருந்தது என்பதை நான் யோசிக்கவில்லை. அது என் பிழைதான்.

லீவு நாட்கள் கழித்து வந்து பார்த்தால், கும்பத்தைச் சுற்றி விதைத்த நவதானியத்தோடு என் தண்ணீர் காட்டாத கோப்பையும் பச்சைப் பசேலென்று நிற்கிறது. அலுமாரிக் கோப்பையும் வெளியே வந்து, நெற்றியில் சந்தனப் பொட்டோடு அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகள் கைதட்டினார்கள். 'பயறு முளைக்கத் தண்ணீர் தேவையில்லை' என்று ஒருத்தி எழுதியே விட்டாள். மூன்றுக்கும் தண்ணீர் ஊற்றிய, பள்ளிக்கூடம் கூட்டுகிற பூமணி அக்காவைப் பிடித்துச் சத்தம் போட்டேன். அவர் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு என்னைத் திருப்பிக் கேட்டார்: "அம்மாளுக்கு முன்னாலை ஒரு முளை வராமல் காய்ஞ்சு கிடந்தால் நல்லதே? பிள்ளையள் குறைஞ்சு பள்ளிக்கூடம் கிடக்கிற கிடை ரீச்சருக்குத் தெரியாதே?"

தர்சிகா வீட்டுக்குப் போனது

அடுத்த கிழமை தர்சிகாவின் தாய் விலகல் பத்திரம் கேட்டு வந்ததாக அதிபர் சொன்னார். அவள் போனால் ஒன்பது. அன்று பின்னேரமே வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் தர்சிகா ஒரு கயிற்றை வைத்து மாட்டை வாலிலிருந்து மூக்குவரை அளந்துகொண்டு, மாட்டோடு ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

தாய் கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தார். பிள்ளை வாய் திறந்தது என்னால்தான் என்று அவரே சொன்னார். நான் விடவில்லை. கையால் செய்து படிக்கிற படிப்பு எப்படி மனதில் ஊன்றும், கொப்பி நிரம்பாதது ஏன் குறையில்லை, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக மூன்றாம் ஆண்டிலேயே பிள்ளையைப் பிழியத் தேவையில்லை என்று அரை மணித்தியாலம் விளக்கினேன். எல்லாவற்றுக்கும் "ஓம் ரீச்சர், ஓம் ரீச்சர்" என்று தலையாட்டினார். பிறகு மெல்லக் கேட்டார்: "குறை நினையாதேங்கோ. ரீச்சரின்ரை மகன் எங்கை படிக்கிறார்?"

என் மகன் காலை ஆறு மணிக்கு வான் வண்டியில் ஏறிப் பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிறான். அவனுக்கும் மூன்றாம் ஆண்டுதான். பின்னேரம் ரியூசன் இரண்டு இடம். அவன் கையில் களிமண் ஒட்டி நான் ஒரு நாளும் கண்டதில்லை. பொய் சொல்ல வாய் வரவில்லை, பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன். அந்தத் தாய் என்னைக் குத்திக் காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்னை முழு மரியாதையோடும் நம்பிக்கையோடும் பார்த்துச் சொன்னார்: "எனக்குத் தெரியும் ரீச்சர், அதுதான் நானும் அங்கையே இடம் கேட்டிருக்கிறன். பிள்ளையளுக்கு எது நல்லதெண்டு உங்களை விட ஆருக்குத் தெரியும்?"

சொல்லிக் கொடுப்பதைவிடச் செய்து காட்டினால்தான் படிப்பு ஏறும் என்று இத்தனை காலம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நான் செய்து காட்டியதைப் பெற்றோர் ஒரு பிழையும் விடாமல் படித்து முடித்துவிட்டார்கள்.