பல்லியின் கொக்கி

கண்ணாடிக் கட்டடங்களில் கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் சிலிகான் பசை அடைப்பவர் அவர். வேலையிடத்தில் வைத்த பெயர் பல்லி. பதினெட்டு வருடம் சாரத்தில், நாலு வருடம் ஆளை மேலே தூக்கும் பூம் லிஃப்ட் வண்டியின் கூடையில். அவர் இழுக்கும் கோடு கண்மை தீட்டியது போல இருக்கும். வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. வம்பெல்லாம் கொக்கியில்தான்.

கூடையில் ஏறியதும் பாதுகாப்பு பெல்ட்டின் கயிற்று நுனிக் கொக்கியைக் கூடைக்குள் இருக்கும் வளையத்தில் மாட்ட வேண்டும். பல்லியோ கொக்கியைத் தன் பெல்ட்டிலேயே மாட்டிக்கொள்வார். கீழிருந்து பார்த்தால் கயிறு தொங்கும், கொக்கி மின்னும், மேஸ்திரி மனம் குளிரும். அப்படியும் இரண்டு முறை பிடிபட்டார். மூன்றாம் முறை என்றால் கூடைக்குத் தலைமுழுக வேண்டியதுதான். ஆயுசுக்கும் தரையில் டப்பா தூக்க வேண்டும்.

அன்று வேலை இரண்டாம் மாடி உயரத்தில். லிஃப்டின் அடியில் நின்று மேலே இருப்பவரைக் கண்காணித்தவள் அவருடைய மனைவியின் தங்கை.

"மாமா! முதல்ல கூடைக் கம்பியிலேர்ந்து காலை இறக்குங்க. கொக்கி எங்க?"

"மாட்டியிருக்கு."

"உங்க இடுப்புலயா? விழுந்தா உங்களை நீங்களே பிடிச்சுக்குவீங்களா?"

பக்கத்தில் சிமெண்ட் கலக்கிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

"கத்தாதே தாயே, மேஸ்திரி காதுல விழும். வளையத்துல மாட்டினா அந்த ஓரம் எட்டல."

"கூடைய ஒரு முழம் தள்ள வேண்டியதுதானே?"

பல்லி காலை மட்டும் இறக்கினார். கூடையைத் தள்ளாததற்குக் காரணம் நாலு வருடமாக மூடி வைத்த ரகசியம். அவருக்குக் கூடையை நகர்த்தும் லீவர் பிடிபடாது. இடது என்று தள்ளுவார், கூடை வலதுக்குப் போகும். அதனால் போய் நின்ற இடத்திலிருந்தே எக்கி, சாய்ந்து, கம்பியில் ஏறி வேலையை முடிப்பார். எட்டு மாடி உயரத்திலும் கம்பிமேல் நிற்கப் பயமில்லை. லீவர்தான் பயம்.

"இங்கயும் லீவர் இருக்கு மாமா. மாட்டலைன்னா நானே இறக்கிடுவேன். மேஸ்திரி ஏன்னு கேட்டா பொய் சொல்ல மாட்டேன்."

"அக்கா புருஷன்னு ஒரு மரியாதை இல்ல?"

"அக்காவுக்குப் புருஷன் இருக்கணும்னுதான் சொல்றேன்."

கொக்கி வளையத்தில் டக்கென்று விழுந்தது. பல்லி கண்ணை இறுக்கிக்கொண்டு லீவரைத் தொட்டார். கூடை வலதுபுறம் நழுவியது.

"பல்லி, ஊருக்குக் கிளம்பிட்டியா?" என்றான் மண்வெட்டிக்காரன்.

"பீச்சாங்கைப் பக்கம் மாமா! அது சோத்துக்கை!"

நாலாவது முயற்சியில் கூடை இடைவெளிக்கு நேரே வந்து நின்றது. சத்தம் கேட்டு வந்த மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார். கொக்கி வளையத்தில் இருந்தது.

"என்ன ரகளை?"

"ஒண்ணுமில்லைங்க. மாமா வண்டி ஓட்டப் பழகுறாரு."

"நாலு வருஷம் கழிச்சா?"

மேலே பல்லி அவசர அவசரமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.