மொன்றியல் தெருவின் நிழல்

அக்குறணை றமீஸா டீச்சர் பனியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டுமே பார்த்தவர். ஆனாலும் கணக்கு டீச்சர் ஆயிற்றே, தெரியாது என்று சொல்ல வாய் வராது. வெளிநாட்டில், மொன்றியலில் இருக்கும் தங்கை ஜஹானா பனி மூடிய தன் தெருவைப் போட்டோ எடுத்து அனுப்பி, "இத வரைஞ்சு தாங்க ராத்தா" என்று கேட்டதும் தூரிகையைக் கையில் எடுத்துவிட்டார்.

பகல் பன்னிரண்டு மணிக்கு எடுத்தது என்று ஜஹானா எழுதியிருந்தாள். விளக்குக் கம்பத்தின் நிழலோ தெருவைத் தாண்டிப் போய்க் கிடந்தது. "புள்ள நேரத்தப் பிழையா எழுதிட்டா" என்று தீர்ப்பு வழங்கிய டீச்சர், நிழலைக் கம்பத்தின் காலடிக்குச் சுருக்கினார். பனிக்கு வெள்ளையைத் தடிப்பாக அப்பினார். வானம் பளிச்சென்ற நீலம். ஆள் மட்டும் கிடையாது. உயிருள்ளதை வரைவதில்லை என்பது வாப்பா காலத்திலிருந்தே அந்த வீட்டு வழக்கம்.

வீடியோ அழைப்பில் ஓவியத்தைக் கண்ட ஜஹானா சிரித்துவிட்டாள். "ராத்தா, இது கண்டி வெயில். இங்க பன்னெண்டு மணிக்கும் சூரியன் மேல ஏறாது. நாலு மணிக்கெல்லாம் இருட்டிரும்."

"அந்த நேரம் நீ என்ன செய்ற?"

"ஜன்னலடியில நிப்பேன். அவர் வேலை முடிஞ்சு வர எட்டாகும்."

மூன்று வருடமாக "நல்லா ஈக்கிறேன்" என்றே சொல்லிவந்தவள். வாங்க ராத்தா என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாள்! குளிர் ஒத்துக்கொள்ளாது, பரீட்சை வருகிறது என்று டீச்சர் சாக்குச் சொன்னதில், இந்த வருடம் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். டீச்சருக்கு அது இப்போதுதான் உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது.

வெள்ளையைச் சுரண்டி எடுத்தார். நீலத்தோடு சாம்பலைக் கலந்து, தூரிகையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, நிழலைத் தெருவின் மறுபக்கம் வரை இழுத்தார். வானத்தை மங்கலாக்கினார். நாலாம் மாடி ஜன்னலில் மஞ்சளாக ஒரு தீற்று. பிறகு பனியில் காலடி எப்படிப் பதியும் என்று அறியக் குசினிக்குப் போய், தட்டில் கோதுமை மாவைப் பரப்பிச் செருப்பை அழுத்திப் பார்த்தார். கழுவிய செருப்புத்தான்.

அடுத்த வியாழக்கிழமை ஜஹானா படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"இதுதான் எங்க தெரு. அது என்ட ஜன்னல்." திரையருகே குனிந்து, "வாசலுக்குப் போற காலடி ரெண்டு பேருடையதா ஈக்கே. ஒண்ணு நான். மத்தது யாரு?"

கண்டிக் கந்தோரில் அன்று காலை கொடுத்த பாஸ்போர்ட் விண்ணப்பத்தின் ரசீதை டீச்சர் கேமராவுக்கு நேரே பிடித்தார்.

"குளிருக்குச் சப்பாத்து ஒண்ணு வாங்கி வை," என்றார். "ஆறாம் நம்பர்."