கேன்டீனைக் காப்பாற்றிய பந்தி

ஒரு நாத்தனார் தன் அண்ணியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்கிறாள் என்றால் கேட்பவர்களுக்குச் சந்தேகம் வரும். வரட்டும். எனக்கும் அண்ணிக்கும் ஆகாது என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். கல்யாணமாகி வந்த முதல் வாரமே என் தையல் மிஷினைப் பார்த்து, "என்ன இப்படிக் கத்துது, எண்ணெயே விட மாட்டியா?" என்று கேட்டவள் அவள். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை. அதற்காக நடந்ததை நடக்கவில்லை என்று சொல்ல முடியுமா?

எங்கள் ஊர் பீரோ ஊர். இரும்புத் தகட்டை வெட்டி, மடக்கி, பெயிண்ட் அடித்து பீரோவாக்கும் தொழிற்சாலை ஒன்று. அதைச் சுற்றி நாங்கள். பிரஸ் மிஷின் போடும் சத்தத்தில் பாதிப் பேருக்குக் காது மந்தம். அதனால் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் அடுத்த தெருக்காரர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். வீட்டுக்கு வீடு கம்பெனி கழித்துக் கட்டிய பீரோ ஒன்று நிற்கும். அதன் கதவு மூடாது, மூடினால் திறக்காது.

என் அண்ணன் பிரஸ் பிரிவில் வேலை பார்த்தான். அண்ணி தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரி. ஊரில் அவளுக்குக் கரண்டியம்மா என்று பெயர். தட்டில் சோற்றை மிச்சம் வைப்பவன் யாராக இருந்தாலும் கரண்டிக் காம்பால் கையில் ஒரு தட்டு தட்டுவாள். மேனேஜரும் வாங்கியிருக்கிறார். ஒரே ஒரு குறை, அவளுக்கு நூறு பேருக்குக் குறைவாகச் சமைக்க வராது. அண்டா சமையலில் ஊறிய கை. வீட்டில் இரண்டு பேருக்கு வைக்கும் பருப்பிலும் உப்பை அள்ளித்தான் போடுவாள். ஒரு தடவை நானும் சாப்பிட்டேன். அன்று குடித்த தண்ணீரில் ஒரு தோட்டத்துக்கே பாய்ச்சியிருக்கலாம். அதனால் வீட்டு அடுப்பு அண்ணன் பொறுப்பு. அவனும் வாயைத் திறக்காமல் சமைத்தான்.

இப்படி இருந்த ஊருக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். செலவைக் குறைப்பதுதான் அவர் வேலை. வந்த வாரமே ஊர் அவருக்குக் கத்திரி சார் என்று பெயர் வைத்துவிட்டது. எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. என் கடைக் கத்தரிக்கோல் துணியை அளந்த பிறகுதான் வெட்டும். இந்த மனுஷன் வெட்டிவிட்டு அளந்தார்.

முதலில் டீயோடு கொடுத்த பிஸ்கட் போனது. பிறகு கழிப்பறைச் சோப்பை நூலால் இரண்டாக அறுத்து வைத்தார்கள். ஒரு டியூப்லைட் விட்டு ஒரு டியூப்லைட் எரிந்தது. எச்சில் கையால் காக்கா ஓட்டாத ஆள் என்று சொல்வார்களே, அதை நான் கண்ணால் பார்த்தது அப்போதுதான். கடைசியில் பீரோ மேலேயே கை வைத்தார். கதவுக்கு ஒரு கீல் குறைந்தது. உள்ளே இருந்த லாக்கர் காணாமல் போனது. தகடு மெலிந்து மெலிந்து, பீரோ மேல் சாய்ந்து நின்றால் அதுவும் நம்மோடு சேர்ந்து சாய்ந்தது. அதை எவன் வாங்குவான்? விற்பனை குறைந்தது. விற்பனை குறைந்ததால் ஆட்களைக் குறைத்தார். ஆட்கள் குறைந்ததால் எனக்கும் ஒரு வெட்டு விழுந்தது. தொழிலாளிகளுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுப்பவள் நான்தான். நீலச் சட்டைகளை எல்லாம் தைத்து, இஸ்திரி போட்டு அடுக்கிய பிறகு, சட்டை வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். அவை கடையில் கூரை முட்டக் கிடந்தன. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆவது என்பது கதையில்லை.

பிறகு கேன்டீனுக்கு முறை வந்தது. சாப்பிட வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், கேன்டீன் தேவையா என்று கத்திரி சார் நேரில் வந்து சாப்பிட்டுப் பார்த்து முடிவு செய்வார் என்று சொல்லி அனுப்பினார்கள். தேவையில்லை என்றால் அந்த இடத்தில் காசு போட்டால் டீ ஊற்றும் மிஷின் ஒன்று வருமாம்.

அன்றே அண்ணி என் கடைக்கு வந்தாள். வாசலில் நின்றே பேசிவிட்டுப் போகிறவள், அன்றைக்கு உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் மிஷினை நிறுத்தினேன்.

"உன்கிட்ட எத்தனை சட்டை கிடக்கு?" என்றாள்.

"எதுக்கு அண்ணி?"

"ஊருக்குப் போட்டு விடத்தான். அவர் வந்து பாக்கிறப்போ ஒரு பெஞ்சு காலியா இருக்கக் கூடாது. உக்கார ஆள் இல்லைன்னாத்தானே மூடுவாரு?"

"மாட்டிக்கிட்டா?"

"மாட்டிக்கிட்டாலும் மூடுவாரு, சும்மா இருந்தாலும் மூடுவாரு. இதுல புதுசா என்ன போயிடும்?" என் மிஷின் மேல் கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்கினாள். பிறகு சொன்னாள்: "கேன்டீன் இல்லைன்னா நான் எங்க போவேன் சொல்லு. வீட்ல உங்க அண்ணன் என்னை அடுப்புப் பக்கமே விடுறதில்லை. எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்."

அவள் என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை. பார்க்கவும் பிடிக்கவில்லை. சட்டைகளை இறக்கினேன்.

ஆள் சேர்ப்பது பெரிய காரியமாக இல்லை. ஓசி என்றால் பினாயிலையும் ஒரு வாய் குடித்துப் பார்க்கிற ஊர் இது. ரிட்டயர் ஆனவர்கள், ஏற்கெனவே கத்திரி சார் வீட்டுக்கு அனுப்பியவர்கள், சைக்கிள் கடைக்காரர், பார்பர், தலைமுடியைச் சுருட்டித் தொப்பிக்குள் விட்டுக்கொண்ட ஏழெட்டுப் பெண்கள் என்று வரிசை கட்டினார்கள். தொப்பை உள்ளவர்களுக்கு நான் பக்கத் தையலைப் பிரித்து விட்டேன். பார்பருக்கு மட்டும் ஒரு பயம் இருந்தது. கத்திரி சார் முடி வெட்டிக்கொள்வது அவரிடம்தான். பிறகு அவரே தன்னைத் தேற்றிக்கொண்டார். "அவரு கண்ணாடியைக் கழட்டிட்டுத்தான் உக்காருவாரு. என்னை எங்க பாத்திருக்கப் போறாரு?"

இத்தனை பேர் உட்கார்ந்தால் உண்மையான தொழிலாளிகளுக்கு இடம் ஏது? அதற்கும் அண்ணி ஒரு வழி வைத்திருந்தாள். "நீங்க எல்லாம் ரெண்டாவது பந்தி. அதுவரைக்கும் மிஷினை ஓட்டிக்கிட்டே இருங்க. சத்தம் நின்னா அவருக்குச் சந்தேகம் வந்துடும்." அண்ணனும் மற்றவர்களும் வயிற்றைக் கட்டிக்கொண்டு ஓட்டினார்கள்.

கத்திரி சார் வந்தார். பந்திக்கு முந்து என்று சும்மாவா சொன்னார்கள், எங்கள் ஆட்கள் அவருக்கு முன்பே பாதி சாப்பிட்டு முடித்திருந்தார்கள். போன மாதம் அவரே கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்பிய வெல்டர், வேண்டுமென்றே அவருக்கு நேர் எதிரில் போய் உட்கார்ந்து, "தண்ணி ஊத்தட்டுமா சார்?" என்றார். கத்திரி சார் தேங்க்ஸ் சொல்லி வாங்கிக் குடித்தார். முகத்தைப் பார்த்து ஆளை அனுப்பியிருந்தால்தானே முகம் ஞாபகம் இருக்கும்?

பக்கத்தில் இருந்த பார்பரைப் பார்த்து, "நீங்க எந்தப் பிரிவு?" என்று கேட்டார்.

"வெட்டுற பிரிவு சார்," என்றார் பார்பர். தகடு வெட்டுகிறவர் என்று அவர் நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. பார்பர் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

சாப்பாடு அவருக்குப் பிடித்திருந்தது. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார். கையைக் கழுவிவிட்டு, கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்து, "இவ்வளவு பேர் சாப்பிடுறாங்களா?" என்றார். அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. "இது பாதிதான் சார். ரெண்டாவது பந்தி இன்னும் உள்ள வேலை பார்த்துக்கிட்டு இருக்கு," என்றாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு நேராக மிஷின் கூடத்துக்குப் போனார். அங்கே எல்லா மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றுகூட நிற்கவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து கேட்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். கேன்டீன் சிறப்பாக நடக்கிறது, தொடரும் என்று இருந்தது. நாங்கள் கைதட்டினோம். கைதட்டி முடிப்பதற்குள் அதன் கீழே இருந்ததை யாரோ படித்தார்கள். வேலை நேரத்தில் ஒரு கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதும் எல்லா மிஷினும் ஓடின. ஆகவே அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தேவைக்கு மேல். அத்தனை பேரும் நீக்கப்படுகிறார்கள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. கூடத்தில் உட்கார்ந்து தின்றவர்கள் பார்பரும் சைக்கிள் கடைக்காரரும். அவர்களை எந்தப் பட்டியலிலிருந்து நீக்குவது? அதனால் பசியோடு மிஷின் ஓட்டியவர்களின் பெயர்களை எடுத்து எண்ணிக்கையைச் சரிக்கட்டிவிட்டார்கள். அதில் என் அண்ணன் பெயரும் இருந்தது.

ஊரே கத்திப் பேசும் ஊரில் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டான். அண்ணியைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. சமைத்தான், மூடி வைத்தான், மூட்டை கட்டி வைத்த மாதிரி ஒரு மூலையில் உட்கார்ந்தான். அண்ணி நாலு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கத்திரி சார் அறைக்குப் போனாள். சட்டை தைத்தவள் நான், சாட்சிக்கு வேண்டுமாம்.

"சார், அன்னிக்கு உக்காந்து சாப்பிட்டவங்க ஒருத்தரும் நம்ம ஆளுங்க இல்ல," என்றாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். "நான் பண்ணின திருட்டுத்தனம். கேன்டீனை மூடிக்குங்க. அவங்களுக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

கத்திரி சார் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியும்மா. வெட்டுற பிரிவுன்னு சொன்னாரே, அவரு அதுக்கு முந்தின வாரம்தான் எனக்கு முடி வெட்டினாரு."

அண்ணி விடவில்லை. "தெரிஞ்சுமா அப்படி எழுதினீங்க?"

"எத்தனை பேரைக் குறைக்கணும்னு நான் இங்க வர்றதுக்கு முன்னாடியே மேல முடிவு பண்ணிட்டாங்க. காரணம் மட்டும்தான் எழுத வேண்டியிருந்தது. நீங்க கொடுத்தீங்க." அவர் குரலில் வெட்கம் இருந்ததா என்று நான் உற்றுக் கேட்டேன். கொஞ்சம் இருந்தது. அதை வைத்து யாருக்கு என்ன பிரயோசனம்?

அண்ணி அழுவாள் என்று நினைத்து முந்தானையைத் தயாராகப் பிடித்தேன். அவள் அழவில்லை. மேஜை மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"அப்போ அன்னிக்கு அத்தனை பேரு கேன்டீன்ல சாப்பிட்டாங்கன்னு நீங்க மேல எழுதினது எழுதினதுதானே?"

"ஆமா."

"பொய்யின்னு இப்போ மாத்தி எழுதுவீங்களா?"

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மாற்றி எழுதினால் அவர் கழுத்துக்கே கத்தி.

"அப்போ அந்த எண்ணிக்கைக்கே சாமான் அனுப்பச் சொல்லுங்க. அரிசி, பருப்பு, முட்டை, ஒண்ணும் குறையக் கூடாது. சாப்பிட ஆள் நான் பாத்துக்கிறேன்."

அந்த மனுஷன் ஒரு தாளை இழுத்து அந்த எண்ணிக்கையை எழுதினார். பிறகு சரி என்று தலையசைத்தார். சோப்பை நூல் வைத்து அறுத்த கம்பெனி அன்று முதல் தான் துரத்திவிட்ட ஆட்களுக்கு உட்கார வைத்துச் சோறு போட்டது. வெளியே வந்ததும் நான் அண்ணியிடம் சொன்னேன்: "அண்ணன்கிட்ட முதல்ல போய் இதைச் சொல்லுங்க. முன்னாடியே முடிவான விஷயம், உங்க மேல தப்பில்லைன்னு."

"சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாதே," என்றாள். "சாக்கு சொல்ற மாதிரி இருக்கும். பந்தி போட்டவ நான்தானே?"

புதுச் சாமான் வந்த முதல் நாள், வேலை போனவர்கள் எல்லோரும் நீலச் சட்டையோடு வரிசையில் நின்றார்கள். காவலாளி கேட்டைத் திறந்து வைத்துவிட்டு அவனும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டான். அண்ணி போட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தடவை வாசலைப் பார்த்தாள். அண்டாவில் கரண்டி அடி தட்ட ஆரம்பித்தது. அண்ணன் வரவில்லை. எனக்கு அண்ணன் மேல் வந்த ஆத்திரத்துக்கு, வீட்டுக்குப் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து வரலாமா என்று இருந்தது.

அப்போது வந்தான். நீலச் சட்டை போடவில்லை, வீட்டில் போடும் பழைய சட்டைதான். எல்லோரும் வழி விட்டார்கள். அவன் முந்தவில்லை, வரிசையில் நின்றே வந்தான். தட்டை நீட்டினான். அண்ணியின் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னாலதாங்க உங்க வேலை போச்சு," என்றாள். பிரஸ் மிஷினில் காது மங்கிய மனுஷனுக்குக் கேட்க வேண்டுமே என்று கத்தித்தான் சொன்னாள்.

"ஆமா, உன்னாலதான்," என்றான் அண்ணன், அவளைவிடச் சத்தமாக. "அதுக்கு இப்போ என்ன பண்ணச் சொல்றே? வீட்ல தனியா உக்காந்து திங்கப் பிடிக்கலை. சோத்தைப் போடு."

அண்ணி போட்டாள். கரண்டி தட்டைத் தவறி, பருப்பில் பாதி அவன் கையில் கொட்டியது. அவன் கையை எடுக்கவில்லை.

"சீக்கிரம் நகருண்ணே, பின்னாடி பசிக்குது," என்றார் பார்பர்.