விட்டுப்போன குனூத்

தொண்ணூறுகளின் கடைசியில் என் தம்பி பழைய தில்லியில் ஒரு மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்தான். மசூதியை ஒட்டிய கட்டடம். வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கியது. பிரிவினையின்போது பாதிப் பேர் எல்லை தாண்டிப் போன பிறகும் பூட்டுப் போடாமல் தாக்குப்பிடித்தது. எங்கள் கடற்கரை ஊர்களில் பாடம் சொல்லும் ஆலிம்களில் பலர் அங்கே ஓதியவர்கள், இல்லையென்றால் அங்கே ஓதியவரிடம் ஓதியவர்கள். வாப்பாவுக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாதும் அப்படித்தான். அதனால் கடைசி ஆண்டுப் பாடத்துக்கு மகனை அங்கே அனுப்பினார் வாப்பா.

அனுப்பிவிட்டுப் பயந்தவரும் அவரேதான். மத்ஹப் என்னும் சட்ட வழியில் நாங்கள் ஷாஃபி, அந்த மத்ரஸா ஹனஃபி. மார்க்கம் ஒன்றுதான், தொழுகையிலும் சாப்பாட்டிலும் சின்னச் சின்ன வித்தியாசங்கள். வெளியாருக்கு அது கண்ணிலேயே படாது, எங்கள் ஊர் ஜமாஅத்துக்கோ அதுதான் உயிர். வாப்பா ஊர்ப் பள்ளிவாசலில் முன்னின்று தொழவைக்கும் இமாம். தனக்குப் பிறகு தம்பி அங்கே நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஹனஃபியாக மாறி வந்தால் ஊரில் ஒருத்தரும் அவன் பின்னால் நிற்க மாட்டார்கள்.

மத்ரஸா வகுப்பில் ஷாஃபிகளின் ஆதாரத்தை முதலில் மரியாதையாக எடுத்துவைப்பார்களாம். பிறகு ஒரு மணி நேரம் அதற்கு மறுப்பு. "தினமும் நம்ம கட்சிதான் தோக்குது லாத்தா" என்று தம்பி சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வராது.

லக்ஷ்மிபாய் நகரில் என் கணவருக்குக் கிடைத்த அரசாங்கக் குவார்ட்டர்ஸுக்கு வெள்ளிக்கிழமைகளில் பஸ் பிடித்து வருவான். ஒரு வெள்ளிக்கிழமை அவனுக்காக மார்க்கெட்டில் அலைந்து நண்டு வாங்கி ஆக்கி வைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டான்.

"வேணாம் லாத்தா. அங்க அஞ்சு பேர் ஒரே தட்டுல சாப்பிடுறோம். அவங்களுக்கு நண்டு கூடாது. நண்டு தின்ன கையை ராத்திரி அந்தத் தட்டுல எப்படி வைக்கிறது?"

"கையைக் கழுவ தில்லியில தண்ணி இல்லியா? நேராவே சொல்லேன், அவங்க ஆளா மாறிட்டேன்னு!"

அவன் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நண்டு முழுவதையும் நானே தின்று தீர்த்தேன்.

படிப்பு முடியச் சில வாரம் இருக்கும்போது வாப்பா ரயிலேறி வந்துவிட்டார். தம்பியும் வந்து எங்களோடு தங்கினான். அன்று சாயங்காலம் எங்கள் கணக்கில் அஸர் தொழுகை நேரம் வந்தும் தம்பி எழுந்திருக்கவில்லை. ஹனஃபிகளுக்கு அஸர் தாமதம். வாப்பா எழுப்பிய பிறகே எழுந்தான். வாப்பா அடுக்களைக்கு வந்து என்னிடம் சொன்னார்: "நாளைக்கு சுபுஹு அவன் தொழவைக்கட்டும். பாத்துட்டு, ஜமாஅத்தை வேற ஆள் தேடச் சொல்றதா வேணாமான்னு முடிவு பண்றேன்."

"ஒரு தொழுகையில என்ன வாப்பா தெரியும்?"

"நீ பேசாம இரு புள்ள."

எனக்குப் புரிந்துவிட்டது. விடியற்காலை சுபுஹுத் தொழுகையின் இரண்டாம் சுற்றான ரக்அத்தில் குனிந்து நிமிர்ந்ததும் நாங்கள் கையேந்தி குனூத் என்ற வேண்டுதல் துஆவை ஓதுவோம். ஹனஃபிகள் சுபுஹில் அதை ஓதுவதில்லை.

விடியற்காலையில் தம்பி முன்னால் நின்றான், பின்னால் வாப்பாவும் என் கணவரும், அவர்களுக்குப் பின்னால் நான். இரண்டாம் ரக்அத்தில் நிமிர்ந்தான். நான் கையை ஏந்திவிட்டேன், ஆமீன் சொல்ல வாயும் திறந்துவிட்டேன். "அல்லாஹு அக்பர்" என்று அவன் நேராக ஸஜ்தாவுக்குப் போய்விட்டான். போச்சு, எல்லாம் போச்சு! ஸஜ்தாவில் நெற்றியை வைத்துக்கொண்டு அவனைத் திட்டினேன், அல்லாஹ் மன்னிக்கட்டும்.

கடைசி இருப்பில் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கப் போகிறான் என்று காத்திருந்தேன். கொடுக்கவில்லை. மறுபடி அல்லாஹு அக்பர் சொல்லி ஒரு ஸஜ்தா செய்தான், இன்னொன்றும் செய்தான். அதன் பிறகே ஸலாம்.

குனூத்தை மறந்தால் ஸலாமுக்கு முன் இரண்டு ஸஜ்தா கூடுதலாகச் செய்து ஈடுகட்டுவது எங்கள் மத்ஹபின் சட்டம். ஹனஃபிக்கு சுபுஹில் குனூத்தே கிடையாது; விட்டுப்போனதாக அவன் ஏன் நினைக்கப் போகிறான்?

தம்பி திரும்பி உட்கார்ந்தான். முகம் வெளிறியிருந்தது. "மறந்துட்டேன் வாப்பா. அங்க ஓதாம நின்னு நின்னு பழகிப்போச்சு."

வாப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நம்ம புள்ளதான்மா, மறந்திருக்கான்" என்றார். "இன்னைக்கு நண்டு கிடைக்குமா பாரு."